எந்தக் கால்?

கீழே விழுந்து கிடப்பவரைப் பார்த்தால் "அடி பட்டுச்சா?" என்று கேட்பதுதான் மனுஷ வழக்கம். அவள் "எந்தக் கால்?" என்று கேட்பாள். பதில் வரும்வரை கை கொடுக்க மாட்டாள். பக்கத்தில் நிற்பவர்களையும் கொடுக்க விடமாட்டாள்.

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சே அதுதான். கண்டிப்பேட் ஏரிக்குப் போகிற சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைக்கிள்காரர்கள் எல்லோரும் டீக்கு நிற்கும் கடை வாசலில், நான் சைக்கிளோடு அப்படியே இடது பக்கம் சரிந்து விழுந்தேன். வேகமாகப் போய் விழுந்திருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நின்றுவிட்ட சைக்கிளிலிருந்து விழுவதை என்ன சொல்லியும் பூசி மெழுக முடியாது. டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் மாதாப்பூரில் என் ஆபீஸ் இருக்கிற அதே கட்டடத்துக்காரர்கள்.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வந்து என் தலைமாட்டில் நின்றாள்.

"எந்தக் கால்?"

"என்னது?"

"எந்தக் கால மொதல்ல கழட்டுன?"

"வலது."

"எந்தப் பக்கம் கெடக்குற?"

பார்த்துக்கொண்டேன். "இடது."

"ஹவ்" என்றாள். ஹைதராபாத் உருதுவில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். மதுரையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத நான் அதை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு, எப்படி விழுந்தேன் என்று படுத்தபடியே விளக்க ஆரம்பித்தேன். அவள் சிரித்து முடிக்கும்வரை யாரும் என்னைத் தூக்கவில்லை.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பெடல்களுக்கு கிளிப்லெஸ் பெடல் என்று பெயர். கிளிப் இல்லாதது என்று அர்த்தம். ஆனால் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பெயர் வைத்த புண்ணியவானை நான் பார்த்ததில்லை. ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் துண்டைத் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். பெடலில் வைத்து மிதித்தால் அது டக்கென்று மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு காலும் சைக்கிளும் ஒன்று. மேடு ஏறும்போது சுகமாக இருக்கும். நிற்கவேண்டிய இடம் வரும்போதுதான் கலக்கம். காலைத் தூக்கினால் வராது, இழுத்தால் வராது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருகினால்தான் விடும். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு காலைக் கழற்றி, சைக்கிளை அந்தப் பக்கமாகச் சாய்த்து ஊன்ற வேண்டும். கழற்றியது ஒரு பக்கமும் சாய்ந்தது மறுபக்கமுமாக இருந்தால் என் கதைதான்.

"கால் தானா கழட்டணும். மூளையக் கேட்டுட்டுக் கழட்டுனா லேட்டு" என்பாள்.

எங்கள் சைக்கிள் குழுவில் பெரும்பாலும் தமிழ் ஆட்கள். வேலைக்காக வந்தவர்கள். அவள் மட்டும் அந்த ஊரிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பாள். வயதில் என்னைவிட இளையவள். ஆனால் நீ, வா, போதான். பெயர் சொல்லி யாரையும் கூப்பிட்டதில்லை. எந்தக் காலை முதலில் கழற்றுகிறோமோ அதுதான் எங்கள் பெயர். "ஏ வலக்கால், கைக்கு நிக்கிற? போ" என்பாள். அவள் உருதுவில் கைக்கு என்றால் ஏன். நாற்பதைத் தாண்டிய, கீழே ஒரு டீமையே வைத்து வேலை வாங்குகிற நான், ஒரு வருடத்துக்கு மேல் வலக்காலாக இருந்தேன்.

இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்வோம். நானும் நினைத்தேன். யாரையோ இப்படி ஒரு விபத்தில் பறிகொடுத்திருப்பாள், அதனால்தான் இப்படி இறுகிப்போயிருக்கிறாள் என்று மனசுக்குள்ளேயே கதை கட்டிவைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அப்பா அம்மா சௌக்கியமாக இருந்தார்கள். சைனிக்புரியில் மாமரம் வைத்த வீடு. விடியும் முன் எழுந்து அவளுக்குச் சப்பாத்தி சுட்டு டப்பாவில் கட்டிக் கொடுக்கிற புருஷன். அவளுடைய கொடூரத்துக்குக் காரணம் எதுவும் கிடையாது. சிலருக்குக் குரல் நன்றாக அமைவதுபோல அவளுக்கு அது அமைந்திருந்தது.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை அவளுக்கு வேலை. ஒரு பேட்ச் மாத்திரையை மொத்தமாகத் தள்ளுபடி செய்த நாள்களில் அவள் முகமே தெளிவாக இருக்கும். எங்கள் குழுவில் ஒரு மேனேஜர் இருந்தார். புது ஷூவும் கிளீட்டுமாக வந்தவர், கொஞ்ச நாள் புல்தரையில் பழகிக்கொள்கிறேன் என்றார். "புல்லுல விழுந்தா ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவிட்டு, அவரை அவருடைய ஆபீஸ் வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போனாள். ஷிஃப்ட் மாறுகிற நேரம். அங்கே ஒரு வேகத்தடை, ஒரு செக்யூரிட்டி கேட், நிற்காமல் போக முடியாது. அவர் தன் டீம் ஆட்கள் முன்னால் மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தார். எந்தக் கால் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனவர்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. "ஒரு பேட்ச் ரிஜெக்ட்" என்றாள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் அவள் பின்னால் போனீர்கள் என்று கேட்கலாம். ஒரே காரணம்தான். அவள் கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு, அதில் எல் எழுத்து மாதிரி வளைந்த ஒரு சின்ன அல்லன் கீ. கிளம்புவதற்கு முன்னால் எங்களை வரிசையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்து, "தூக்கு" என்பாள். மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் காட்டுவதுபோல நாங்கள் ஒவ்வொரு காலாகப் பின்னால் மடித்துக் காட்டுவோம். அவள் குனிந்து அந்தக் கீயால் ஒவ்வொரு கிளீட்டின் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்குவாள். திருகாணி ஒன்று கழன்றாலும் போதும், குதிகாலைத் திருகும்போது ஷூ மட்டும் சுற்றும், கிளீட் பெடலை விடாது. அது நடந்து யாரும் விழ அவள் விட்டதில்லை. எங்கள் தப்பால் நாங்கள் விழலாம், திருகாணியின் தப்பால் விழக் கூடாது என்பது அவள் கணக்கு. அப்படி என் அழுக்கு ஷூவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும்போது அவளை எனக்குப் பிடித்திருந்தது. மற்ற நேரங்களில் பிடித்ததில்லை.

கயல் வந்தது இதற்கெல்லாம் பிறகு. கரூர்ப் பெண், பல் டாக்டர். கல்யாணம் ஆகிப் புருஷனோடு ஹைதராபாத் வந்து, கொண்டாப்பூரில் அப்போதுதான் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்திருந்தாள். நான்தான் அவளுடைய முதல் நோயாளிகளில் ஒருத்தி. ஒரு கடைவாய்ப் பல்லை எனக்குத் தெரியாமலேயே எடுத்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "பல்ல யாரும் இழுக்கறதில்லைங்கக்கா. திருகணும். அந்தத் திருகல் மணிக்கட்டுல இருக்குது" என்று தன் வலது கையைச் சுழற்றிக் காட்டினாள். அந்தக் கைதான் அவளுடைய கிளினிக். என்னைப் பார்த்துத்தான் அவளும் சைக்கிள் வாங்கினாள்.

கிளீட் போட்ட பிறகு கயல் ஒருமுறைகூட விழவில்லை. வலது காலைக் கழற்றுவாள், வலது பக்கம் சாய்ப்பாள், ஊன்றுவாள். சுத்தமாக இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. விழாத ஒருத்தியை அவளால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

"கைக்கு வலது?" என்று கயலிடம் கேட்டாள். "ரோட்டுல நாம போறது இடது ஓரம். வலது பக்கம் காலை ஊணுனா தலைக்கு மேல பஸ்ஸு."

"பழகிருச்சுங்க. எங்க வீட்ல எங்க போனாலும் வலது கால எடுத்து வைன்னுதான் சொல்லுவாங்க. கல்யாணத்தப்பவும் அப்படித்தான். கிளினிக் தெறந்தன்னைக்கும் எங்கம்மா வாசல்ல நின்னுட்டு அதையேதான் சொன்னாங்க."

"இது என்ன புகுந்த வீடா?"

எல்லோரும் சிரித்தோம். கயலும் சிரித்தாள். யோசித்துப் பார்த்தால் குழுவில் பாதிக்கு மேல் வலக்கால்கள்தான். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புது இடம் என்றால் வலது கால் தானாக முன்னால் வரும். அவள் சொன்னது சரி என்பதும் எங்களுக்குத் தெரியும். சரியான விஷயத்தை வைத்துக்கொண்டுதான் அவள் எப்போதும் அடிப்பாள்.

கயல் இடது காலுக்கு மாற ஒத்துக்கொண்டாள். ஒரு வாரம் மட்டும் அப்பார்ட்மென்ட் புல்தரையில் பழகிவிட்டு வருகிறேன் என்றாள். "கையில அடி கிடி பட்டா எனக்கு வேலை ஓடாதுங்க" என்றும் சொன்னாள்.

"நக்கோ" என்றாள் அவள். வேண்டாம் என்று அர்த்தம். "இன்னைக்கே. விழுந்தா ஹேண்டில விடாத, கைய ஊணாத. அவ்வளவுதான்."

அன்றைக்கு டீக்கடை வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் திருப்பத்தில், எதிரே எருமைகள் கடந்ததால் நிற்க வேண்டியதாயிற்று. கயல், அவள் சொன்னபடியே இடது காலைக் கழற்றினாள். ஆனால் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. அம்மா வாசலில் நின்று சொல்லிக்கொடுத்த பக்கம். வலது கால் பெடலில் மாட்டியபடி இருக்க, வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. சுள்ளி முறிகிற சத்தம்தான்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் தன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி என்னை மறித்தாள்.

"எந்தக் கால்?" என்று கயலிடம் கேட்டாள்.

"கை" என்றாள் கயல். முகம் வெளுத்திருந்தது. "கைங்க, கை..."

"கைய கேக்கல. எந்தக் கால்?"

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "விடு, அப்புறம் கேட்டுக்கலாம்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயல் தரையில் கிடந்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இடது."

"அப்ப கைக்கு வலது பக்கம் கெடக்குற?"

அதற்குப் பிறகுதான் குனிந்தாள். குனிந்தவள் நேர்த்தியாகத்தான் செய்தாள். பழைய டியூபைக் கிழித்து, ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை நசுக்கி வைத்து, மணிக்கட்டை அசையாமல் கட்டினாள். பார்த்த டாக்டரே யார் கட்டியது என்று கேட்டார். கட்டி என்ன. மணிக்கட்டுக்குள் இருக்கிற சின்ன எலும்பு ஒன்று இரண்டாகியிருந்தது. லேசில் ஒட்டாத எலும்பாம்.

கயலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவருகிற இடத்துக்கு அவள் ஒரு ஜோடி புதுக் கிளீட் கொண்டுவந்தாள். படுக்கையின் மேல் வைத்துவிட்டு, "ஹேண்டில விடாதேன்னு சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான் விசாரிப்பு. எனக்கு அன்றைக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கயல் அந்தக் கிளீட்டைத் தூக்கி எறியவில்லை. பின்னால் கிளினிக்கில் கருவிகள் வைக்கும் இழுப்பறையில் அதைப் பார்த்தேன்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை பழையபடி வரவில்லை. பல் சுத்தம் செய்வாள், ஓட்டை அடைப்பாள். பல் எடுக்க மட்டும் ஒரு தெலுங்கு டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள். "பிடிச்சுத் திருகற நேரத்துல கை நடுங்குதுங்கக்கா. நோயாளி மூஞ்சியப் பாத்தாவே அன்னைக்கு ரோட்டுல கெடந்தது ஞாபகம் வருது. நிறுத்திப்போடறேன்" என்றாள். பல் எடுக்க முடியாத பல் டாக்டரிடம் எத்தனை நாள் ஆள் வரும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கிளினிக்கை அந்தத் தெலுங்கு டாக்டருக்கே கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று புருஷனோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், எந்தக் கால் என்று கேட்கிறவளே விழுந்தாள்.

அதே டீக்கடை வாசல். குழுவுக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். நிற்பது எப்படி என்று காட்டுவதற்காக அவள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். "பாருங்க, மூளையக் கேக்காம" என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். இடது குதிகால் திரும்பியது. பெடல் விடவில்லை. மறுபடி திருகினாள். ஷூ மட்டும் சுற்றியது, கிளீட் பெடலிலேயே நின்றது. எங்கள் எல்லோருடைய திருகாணிகளையும் முடுக்கியவளுடைய கிளீட்டில் ஒரு திருகாணி இல்லை. அவள் காலை யாரும் தூக்கச் சொன்னதில்லை, யாரும் பார்த்ததில்லை.

சைக்கிள் நின்றது. அவள் இடது பக்கம் சாய்ந்தாள். ஹேண்டிலை விடவில்லை. கையை ஊன்றவில்லை. தன் பாடத்தைத் தானே மீறாமல், கடைப் படிக்கல்லில் முகம் அடித்து விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் குனியவும் இல்லை. விழுந்தவரைத் தொடக் கூடாது என்று எங்களைப் பழக்கியிருந்தாள். அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தொடலாம் என்பதுபோல எல்லோரும் நின்றோம். கேட்கிற தைரியம் ஒருத்தருக்கும் இல்லை. அவள் இடது கால் பெடலில் மாட்டியபடியே திருகிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் போய் ஷூவின் பட்டியைப் பிரித்துக் காலை மட்டும் வெளியே எடுத்தேன். ஷூ பெடலிலேயே தொங்கியது.

மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, மிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, போகலாம் என்றேன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு மறுத்துத் தலையாட்டினாள்.

"நக்கோ. அவகிட்ட போ."

"அவ இப்ப பல்லு எடுக்கறதில்ல."

"அவகிட்ட போ."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்கிற ஆளா அவள்.

கயல் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி வாசலிலேயே நின்றாள். பிறகு உட்காரச் சொன்னாள். விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தாள். "வேர் வரைக்கும் ஒடஞ்சிருக்குது. எடுத்தாகணும்" என்றாள். தெலுங்கு டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தவள் அவருக்கு எதிராகக் கையை நீட்டி நிறுத்தினாள். அதே கையால் கயலைக் காட்டினாள். கயல் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். வேறு ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டினாள்.

"வலிச்சா இடது கையத் தூக்குங்க. நிறுத்திடறேன்" என்றாள். எல்லோரிடமும் சொல்வதுதான். எனக்கும் சொல்லியிருக்கிறாள்.

ஊசி போட்டாள். என் பல்லுக்கு ஊசி போட்டபோது கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினாள், பிறகு ஈறைக் குத்திப் பார்த்து மரத்துப்போச்சா என்று இரண்டு முறை கேட்டாள். இவளிடம் கதையும் பேசவில்லை, கேட்கவும் இல்லை. இடுக்கியை எடுத்தாள்.

நான் நாற்காலியின் கால்மாட்டில் நின்றிருந்தேன். இடுக்கி உள்ளே போன உடனேயே அவளுடைய இடது கை மேலே எழுந்தது. கயல் அந்தக் கையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். தெலுங்கு டாக்டர் தயங்கி, "மேடம், செய்யி எத்தாரு" என்றார். கையைத் தூக்கியிருக்கிறார் என்று.

"சூசானு" என்றாள் கயல். பார்த்தேன் என்று. மணிக்கட்டு திரும்பியது.

கை அப்படியே மேலே நின்றது. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கயல் நிதானமாக ஒரு பக்கம் திருகினாள், மறுபக்கம் திருகினாள். அவசரமே இல்லை. கயலின் கை நடுங்கும் என்று நான் காத்திருந்தேன். நடுங்கவில்லை. பார்க்கப் பிடிக்காமல் பார்வையைக் கீழே இறக்கினேன். அங்கே, ஷூ இல்லாமல் சாக்ஸ் மட்டும் போட்ட அவள் கால், நாற்காலியில் குதிகாலை அழுத்தி வெளிப்பக்கமாகத் திருகியது. திரும்ப உள்ளே வந்து மறுபடி வெளியே திருகியது. பல் வெளியே வரும்வரை அது நிற்கவே இல்லை.

தட்டில் பல் விழுந்தது. அவள் எழுந்து வாய் கொப்பளித்துத் துப்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. கயலின் மணிக்கட்டையே பார்த்தாள்.

"கை நடுங்கல" என்றாள்.

"பஞ்சக் கடிச்சுக்கங்க. பேசக் கூடாது."

அவள் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னதற்கு ஒருத்தர் மறுபேச்சுப் பேசி, அதை அவள் கேட்டுக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, மாத்திரைச் சீட்டு வாங்க நான் உள்ளே வந்தேன். கயல் கை கழுவிக்கொண்டிருந்தாள். கிளினிக்கை விடப்போவதில்லை என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்குப் பயமாக இருந்தது.

"ரொம்ப வலிச்சிருக்குமாங்கக்கா?" என்றாள், திரும்பாமலே.

"கால ஆட்டிக்கிட்டே இருந்தா. நீ பாக்கலையா?"

குழாயை மூடினாள்.

"எந்தக் கால்?"

"இடது" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னாள்.